பாவு போட்டவருக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த சீசனுக்கு எந்த நிறப் புடவை போகும் என்று பட்டு கொள்முதல் செய்கிறவர்களுக்குக் கணித்துச் சொல்ல, போன வாரம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஓட்டலில் நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். காணொளி எல்லோருக்கும் வந்திருக்கும், அதனால் நடந்ததை முழுதாகச் சொல்லப்போவதில்லை. "சேலம் எப்போதும் சென்னைக்கு இரண்டு வருடம் பின்னால்தான் வரும். நீங்கள் எதையும் கணிக்க வேண்டாம், நாங்கள் சொல்வதை வாங்கி வைத்தால் போதும்" என்று மேடையில் இருந்தவர் சொன்னபோது கைதட்டியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் நான் எழுந்து கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அது ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

கேள்வி இதுதான். கணிப்பு தப்பினால் நட்டம் யாருக்கு?

ஜவுளிக் கடைக்கு முகூர்த்தப் பட்டு கொள்முதல் பார்க்கிற வேலையில் எனக்கு இது பதினான்காவது வருடம். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று தறி வீடுகளில் ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டது. பெரிய படிப்பு இல்லை. ஆனால் கூட்டத்தில் பேசியவர் திரையில் ஒரு நிறத்தைக் காட்டி "அடுத்த சீசன் இதுதான்" என்று சொன்ன வேகத்தில் ஒரு தறியில் நிறம் மாறாது என்பது எனக்குத் தெரியும். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், ஓடி, அச்சில் பிணைத்து முடித்தால் அந்தப் பாவில் பொதுவாக மூன்று புடவை வரும். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும், ஒரு புடவைக்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு நிறத்தை நான் "வேண்டும்" என்று சொல்லிவிட்டால், ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒன்றரை மாதம் அந்த நிறத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். பாதியில் போன் போட்டு "வேண்டாம் அண்ணா, டிரெண்டு மாறிவிட்டது" என்று சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தவள் நான். அதனால்தான் கேட்கிறேன், தப்பினால் நட்டம் யாருக்கு?

சரி, அந்த நிறங்களுக்கு வருகிறேன். நிறங்களுக்கு எண் கொடுத்து அட்டை போடும் பேன்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருடத்துக்கு ஒரு நிறத்தை அறிவிக்கும். 2025க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பு, 2026க்கு கிளவுட் டான்சர் என்ற வெள்ளை. அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சேலத்துக் கல்யாணப் பெண் இதைக் கட்டுவாள் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு வந்து முகூர்த்தப் பட்டு வாங்குகிறவர்களிடம் காட்டி, "முப்பது சதவீதம் இதில் போடுங்கள்" என்று சொன்னதில்தான் எனக்கு வருத்தம். அந்தப் பழுப்பை எங்கள் தறிக்காரர்கள் பாக்கு நிறம் என்பார்கள். என் அம்மாச்சி காலத்திலேயே அரக்குக் கரை போட்ட பாக்கு நிறப் பட்டு உண்டு. இன்றைக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் அத்தைக்கும் அது போகும். மணப்பெண்ணுக்கு என்று எடுத்துக் காட்டினால் உடன் வந்த பெரியவர்கள் தொடக்கூட மாட்டார்கள். வெள்ளையும் அப்படித்தான். ஏற்காட்டிலிருந்து தேவாலயத் திருமணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு வெள்ளையும் சந்தன வெள்ளையும் எந்த வருடமும் வேண்டும். அதை எந்த அறிவிப்பும் கொண்டுவரவில்லை. அந்த வெள்ளையை எல்லா முகூர்த்தத்துக்கும் வாங்கி அடுக்கினால் அலமாரிதான் நிறையும்.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. 2017 டிசம்பரில் இந்தி நடிகை அனுஷ்கா சர்மா இத்தாலியில் வெளிர் ரோஜா நிற லெஹங்காவில் மணம் முடித்தபோது எல்லோரும் பேஸ்டல், பேஸ்டல் என்றார்கள். அடுத்த வருடம் ஒரு கணிப்பு அறிக்கையை நம்பி, முகூர்த்தத்துக்கென்றே 48 வெளிர் நிறப் புடவைகளுக்குச் சொன்னேன். வெங்காயத் தோல் நிறம், பீச், புதினாப் பச்சை. பதினாறு பாவு. பெண்கள் ஆசையாகத்தான் எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் முகூர்த்தப் புடவையின் மூலையில் மஞ்சள் தடவ வேண்டும். தாரை வார்க்கும்போது தண்ணீர் படும், குங்குமம் சிந்தும், ஹோமப் புகை அடிக்கும். அம்மாக்கள் ஒவ்வொருவராக மடித்துக் கீழே வைத்துவிட்டு "ரிசப்ஷனுக்குப் பார்க்கலாம்" என்றார்கள். ரிசப்ஷனுக்கோ பாதி விலையில் வேறு துணி கிடைக்கிறது. 48இல் 31 தேங்கிவிட்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் மேடையில் இருந்தவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவிடவில்லை. கடை அடுத்த மூன்று மாதம் புது ஆர்டரை நிறுத்தியது. அறிக்கை எழுதியவருக்கு அவர் கட்டணம் முன்பே போய்விட்டது. என் சம்பளமும் குறையவில்லை, திட்டு மட்டும் விழுந்தது. அந்தப் பதினாறு பாவில் ஆறு பாவு ஓட்டிய அண்ணன் மட்டும் மூன்று மாதம் தறியைச் சும்மா போட்டு வைத்திருந்தார். நான்காவது மாதம் போனபோது தறி இருந்த இடத்தில் ஒரு கட்டில் கிடந்தது. பக்கத்து மில்லில் இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "நீ என்னம்மா பண்ணுவ, மேல சொன்னதைத்தான சொன்ன" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அவர் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"நீ மாற்றத்துக்கு எதிரி" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. நிச்சயதார்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் வெளிர் நிறங்கள் இன்று நன்றாகவே போகின்றன, நானே வாங்குகிறேன். 2022 ஜூனில் நயன்தாரா மாமல்லபுரத்தில் சிவப்பில் மணமேடை ஏறியபோது அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டவர்களுக்கும் எடுத்துக் கொடுத்தேன். பெண்கள் போனில் படத்தோடு வருவதும் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தைக் காட்டுகிறவள் ஒருத்தி, அவளோடு வந்து உட்காருகிறவர்கள் ஏழு பேர். எந்த நிறம் அந்த ஏழு பேரையும் தாண்டி பில்லுக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

"உங்களுக்கு ஆங்கிலம் வராத கோபம்" என்று ஒருவர். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அவர் வந்து ஒரு நாள் என்னோடு பட்டு மாடியில் உட்காரட்டும்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தது என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துத்தான். ஆமாம், கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை நோட்டில்தான் எழுதுகிறேன். விற்றதற்குக் கம்ப்யூட்டரில் கணக்கு இருக்கிறது. ஆனால் கேட்டு இல்லாமல் திரும்பிப் போனது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. "கத்திரிப்பூவில் மாம்பழ மஞ்சள் கரை, சின்ன புட்டா, கனம் குறைவாக" என்று ஒரே மாதத்தில் ஒன்பது பேர் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்கள் என்றால் அது என் நோட்டில் மட்டும்தான் இருக்கும். விற்றதைப் பார்த்தால் போன வருடம் தெரியும். வரப்போகிற வருடம் இந்தத் திரும்பிப் போனவர்களிடம்தான் இருக்கிறது.

அப்புறம் பணம். தங்கம் ஏற ஏற, வீட்டில் முதலில் கை வைப்பது புடவைச் செலவில். சரிகை என்பதே வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் பூசியது, அதுவும் சேர்ந்து ஏறும். அதனால் கரை அகலம் குறையும், கனம் குறையும். இதைச் சொல்ல ஓட்டல் மேடை எதற்கு? ஆத்தூர் பக்கம் மரவள்ளிக்கு விலை விழுந்தால் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மூன்று பட்டு இரண்டாகும். சேலத்தின் ஜவ்வரிசி ஆலைகள் என்ன விலைக்குக் கிழங்கு எடுக்கின்றன என்று நான் விசாரிப்பேன். தை, பங்குனி, வைகாசி, ஆவணியில் எத்தனை முகூர்த்தம் என்று பஞ்சாங்கத்தைப் பார்ப்பேன். ஆடியிலும் மார்கழியிலும் தறிக்கு என்ன வேலை கொடுப்பது என்பதையும் சேர்த்துத்தான் யோசிப்பேன். இது கணிப்பு இல்லை என்றால் வேறு எது கணிப்பு?

இரண்டு வருடம் பின்னால் இருக்கிறோமாம். சேலம் வெண்பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. இந்த ஊர் வேட்டியைக் கட்டித்தான் எத்தனையோ மாப்பிள்ளைகள் மணமேடையில் உட்கார்ந்தார்கள். அந்த வேட்டியை நெய்த தெருக்களில் இன்று எத்தனை வீட்டில் தறிச் சத்தம் கேட்கிறது என்று கைதட்டியவர்கள் போய்க் கேட்டுவிட்டு வரட்டும். என் அப்பாவும் தறியில்தான் உட்கார்ந்தார். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தே அவருக்கு முழங்கால் போனது. இந்த வேலையில் நான் சேர்ந்த அன்று அவர் சொன்னது, "வேணும்னா சீக்கிரம் சொல்லு, வேண்டாம்னா அதைவிடச் சீக்கிரம் சொல்லு." அவ்வளவுதான் சொன்னார். அதை நான் ஒரு வருடம் மீறினேன், ஒரு தறி போய்விட்டது.

இப்போது சித்திரை. ஆவணிக்கு வேண்டிய பாவை இந்த வாரமே சொல்லியாக வேண்டும். மேலிடத்திலிருந்து அந்தக் கூட்டத்து அறிக்கை என் மேஜைக்கும் வந்துவிட்டது, முப்பது சதவீதம் என்று பென்சிலில் வட்டம் போட்டு. நாளைக் காலை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாப்பேட்டைக்குப் போகிறேன். பன்னிரண்டு பாவு. அரக்கு ஐந்து, மாம்பழ மஞ்சள் இரண்டு, ராமர் பச்சை இரண்டு, கத்திரிப்பூ இரண்டு. மீதி ஒன்றுக்குப் பாக்கு நிறம், அம்மாக்களுக்கு. அந்த ஒன்றை ஓட்டப்போகிறவரிடம் இது எத்தனை நாளில் விற்கும் என்று நான் நினைக்கிறேனோ, அதையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.