சிபியின் தராசும் அக்கா மகனின் கவட்டையும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு படம் போட்டான். உரித்து மஞ்சள் தடவிய நாலு புறா, பக்கத்தில் கறிவேப்பிலைக் கொத்து. கீழே ஒரு வரி: "தாத்தா கைப்பக்குவம்!" அவ்வளவுதான், குழு கொதித்துவிட்டது. பெரியம்மா அழுகிற முகமாக அனுப்பினார். சித்தப்பா சிபிச் சக்கரவர்த்தி கதையை ஏழு நிமிடக் குரல்பதிவாக அனுப்பினார். பையன் குழுவை விட்டே போய்விட்டான். அங்கே நான் வாய் திறந்தால் எனக்கும் ஒரு ஏழு நிமிடம் வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வாக்குமூலம். நானும் புறா தின்றவன்தான். மொரிஷியஸ் தீவின் சவான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. வெட்டு முடிந்த வயலில் புறாக்கள் வந்து இறங்கும். கழுத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட பெரியது, இங்கே பேசும் கிரியோல் மொழியில் 'தூர்த்தரெல்', தமிழ்நாட்டில் மணிப்புறா. கோடு போட்ட சின்னது இன்னொன்று. இரண்டும் இந்தத் தீவுக்குச் சொந்தமில்லை. நம்மைப் போலக் கப்பலேறி வந்தவை. கொய்யாக் கிளையில் கவை வெட்டி, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினால் கவட்டை தயார். ஒரு புறாவில் ஒரு பிடி கறிகூடத் தேறாது. நாலு அடித்தாலும் சட்டியில் பாதி உருளைக்கிழங்காகத்தான் இருக்கும்.

கவட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் தாத்தா சில விஷயங்களில் கறாராக இருப்பார். சுள்ளி கவ்விப் போகிற புறாவை அடிக்கக் கூடாது, அது கூடு கட்டுகிறது. பொழுது சாய்ந்து அடையப் போவதை அடிக்கக் கூடாது. அடிபட்டுக் கரும்புக்குள் விழுந்தால், அதைத் தேடி எடுக்காமல் அடுத்த கல்லைத் தொடக் கூடாது. காவடி விரதத்திலும் புரட்டாசியில் கோவிந்தன் விரதத்திலும் கவட்டை சுவரில் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கவட்டையோடு மலைக்காட்டுப் பக்கம் போகவே கூடாது.

கடைசி விதிக்குக் காரணம் புறாவின் மேல் இரக்கமில்லை, பயம். மேலே மான் வேட்டை நிலம். 1639இல் டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய மான்கள், பிறகு பெரிய தோட்டக்காரர்களின் குளிர்கால வேட்டைக்கு ஆயின. அதற்குப் பருவம் உண்டு, குத்தகை உண்டு, காவல்காரன் உண்டு, வேட்டை முடிந்தால் விருந்தும் உண்டு. பையில் நாலு கல்லோடு போகிற கூலிக்காரன் மகனுக்கு உதைதான் உண்டு. அதனால் 'வேட்டை மரபு' என்று யாராவது மரியாதையாகப் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். துப்பாக்கி இருந்தால் மரபு, கவட்டை இருந்தால் திருட்டு!

ஆனால் அந்தப் பயத்தால் மேலே ஒரு ஜீவன் கொஞ்சம் தப்பியது. அதுதான் நம் இளஞ்சிவப்புப் புறா, 'பிஜோன் தெ மார்'. இந்தத் தீவின் சொந்தப் புறாக்களில் இங்கே இன்றும் உயிரோடிருப்பது அது ஒன்றுதான்.

மற்றவை என்ன ஆயின? இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்கத் தெரியாத டோடோவே புறா இனம்தான். அதன் நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று மரபணு ஆய்வு சொல்கிறது. நம் வங்கக் கடல் தீவுப் பறவை! 1598இல் வந்திறங்கிய டச்சு மாலுமிகள் டோடோவை 'அருவருப்புப் பறவை' என்று எழுதிவைத்தார்கள், எவ்வளவு வேகவைத்தாலும் கறி மிருதுவாகவில்லையாம். ருசிக்கு அவர்கள் தேடியது சின்னப் புறாக்களை. அப்புறம் நீலப்புறா. வெள்ளைக் கழுத்து, நீல உடல், சிவப்பு வால். டச்சுக் கொடி நிறம் என்பதால் 'டச்சுப் புறா' என்றே பெயர். கடைசியாக உறுதியாகக் கிடைத்த ஒன்று 1826இல் எங்கள் சவான் காட்டில் சுடப்பட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கொஞ்சம் கசக்கும். உலகத்தில் அதன் பாடம் செய்த உடல் மூன்றே மூன்று. ஒன்று நம் தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கிறது, மற்ற இரண்டு பாரிஸிலும் எடின்பரோவிலும்.

இளஞ்சிவப்புப் புறாவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவை அளவில்தான் மிச்சம். கூண்டில் வளர்த்து, காட்டில் விட்டு, தீனி வைத்து, எலி பிடித்து, இன்று சில நூறாக ஆக்கியிருக்கிறார்கள். 2018இல் அதன் ஆபத்து நிலையை, அழியும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் ஒரு படி இறக்கினார்கள்.

சித்தப்பாவின் சிபிக்கு வருகிறேன். அந்தக் கதையில் புறாவுக்காக அழுகிறோம், பருந்தை வில்லனாக்கிவிடுகிறோம். அதுவும் பசியோடு வந்து ராஜாவிடம் நியாயம்தானே கேட்டது? இங்கே அந்தப் பருந்தின் உறவுக்காரனும் இளஞ்சிவப்புப் புறா வாழ்கிற பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்டில்தான் இருக்கிறது: மொரிஷியஸ் வல்லூறு. பெரும்பாலும் பல்லி தின்கிற பறவைக்குக் 'கோழி தின்னி' என்று பட்டம் கட்டிச் சுட்டார்கள். பூச்சிமருந்தும் காடழிப்பும் சேர்ந்து, 1974இல் காட்டில் தெரிந்தவை நாலே நாலு. அதையும் மீட்டார்கள். சிபி ஒரு தொடையை அறுத்துத் தீர்த்த வழக்கை இங்கே சிலர் நாற்பது, ஐம்பது வருடம் மழையில் நனைந்து தீர்க்கிறார்கள்.

இனி எனக்குத் திட்டு வாங்கித் தரப்போகிற பகுதி. காட்டுப்புறாவின், அதாவது இளஞ்சிவப்புப் புறாவின், இன்றைய எதிரி என் அக்கா மகனின் கல் இல்லை. கூட்டில் முட்டை குடிக்கிற எலி, குஞ்சைத் தூக்குகிற பூனை, 1900இல் எலி பிடிக்கவென்று கொண்டுவந்த கீரி, அப்புறம் குரங்கு. இந்தக் குரங்குக்கு, நாம் புனிதமாகக் கும்பிடுகிற கங்கா தலாவ் ஏரிக்கரையில் வாழைப்பழம் கொடுத்து, ஆஞ்சநேயரே என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது யார்? படத்துக்கு அழுத பெரியம்மாவை நானே அங்கே காரில் அழைத்துப் போயிருக்கிறேன், பழத்தோடு. அந்த ஏரியிலிருந்து புறாக் காடு அதிக தூரமில்லை. அழுவதற்கு நமக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. கையில் கவட்டையோடு நிற்கிற பையனுக்கு முகம் இருக்கிறது. இருட்டில் கூடு ஏறுகிற எலிக்கு இல்லை.

இன்னொன்று. வயலில் திரிகிற வெளிநாட்டுப் புறாக்கள் தொண்டையில் ஒரு கிருமியைச் சுமக்கின்றன. தீனியும் தண்ணீரும் பகிரும் இடத்தில் அது காட்டுப்புறாவுக்குத் தொற்றி, குஞ்சுகளைக் கொல்கிறது. உடனே 'அப்படியானால் எல்லா தூர்த்தரெலையும் அடிப்போம்' என்று கிளம்பாதீர்கள். அதைச் செய்வது காட்டைக் கவனிக்கிறவர்கள் வேலை. என் கட்சி இதுதான்: கரும்பு வயலில் மணிப்புறா அடித்துத் தின்றதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நூறடி தூரத்தில் கிளையில் இருப்பது எந்தப் புறா என்று பெயர் சொல்லத் தெரியாதவன் கவட்டையைத் தொடக் கூடாது. தாத்தாவுக்குத் தெரிந்தது. என் அக்கா மகனுக்கு? கேட்டுப் பார்த்தேன். "புறா புறாதானே மாமா" என்றான். எனக்குக் கோபம் வந்தது அந்தப் பதிலுக்குத்தான், கறிக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பெத்ரேன் பக்கம் காட்டுக்கு இழுத்துப் போனேன். தூறல், குளிர், பையனுக்கு போனில் சிக்னலும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று வந்து உட்கார்ந்தது. கையெட்டும் தூரமில்லை, ஆனால் கிட்டத்தட்ட. வெளிறிய ரோஜா நிறம், துருச் சிவப்பு வால், காலில் கலர் கலராக வளையம். எங்களைப் பார்த்துப் பயப்படவே இல்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டு இலையைக் கொத்தத் தொடங்கிவிட்டது. அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. படம்கூட எடுக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது மெதுவாகச் சொன்னான்: "மாமா, தூர்த்தரெலைவிட நல்லா கொழுத்திருக்கு."

தலையில் ஒன்று போட்டேன். அப்புறம் இரண்டு பேரும் காருக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.