யுனெஸ்கோ லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து கம்போடியா, இந்தோனேசியா, இலங்கை என்று டூர் போகிறவர்கள் இப்போது ரொம்பவே அதிகம். நல்ல விஷயம்தான், ஆனால் அந்த டூர் பிளானைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கம்போடியாவில் காலையில் அங்கோர் வாட் கோயில், பதினொரு மணிக்கு பேயோன், சாப்பிட்டுவிட்டு தா ப்ரோம், சாயங்காலம் மார்க்கெட், மறுநாள் விமானம். திரும்பி வந்து "மூணு யுனெஸ்கோ சைட் முடிச்சாச்சு" என்று ஸ்டேட்டஸ். மக்கா, அந்த மூன்றும் சேர்ந்தே பட்டியலில் 'அங்கோர்' என்ற ஒரே இடம்தான்!

யுனெஸ்கோவின் அந்த உலகப் பாரம்பரியப் பட்டியல் யாரையும் சுற்றுலா அனுப்புவதற்காக வந்ததில்லை, 1972 ஒப்பந்தத்தின் நோக்கமே பாதுகாப்பு. அங்கோரை 1992-இல் சேர்த்தபோதே ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலிலும் போட்டார்கள், சிலைத் திருட்டும் போர் விட்டுப்போன கண்ணிவெடிகளும் அப்படி. 2004-இல்தான் அதிலிருந்து எடுத்தார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். போகிற ஊரில் ஒரு இடத்தை, முடிந்தால் ஒரு சுவரை, உட்கார்ந்து பாருங்கள். அங்கோர் வாட்டின் கிழக்குப் பிரகாரத்தில் பாற்கடல் கடையும் காட்சி ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் ஆமை, மலை, விஷ்ணு, தேவர்கள் பக்கம் பாம்பின் வால் நுனியில் பார்த்தால் ஒரு குரங்கு முகம். வெள்ளைக்காரர்களுக்கு கைடு அரை மணி நேரம் விளக்குகிற கதை, நமக்குப் பாட்டி சொல்லியே தெரியும். அப்படிப்பட்ட நாம்தான் அதைச் செல்பி எடுத்துக்கொண்டே கடந்து போகிறோம்.

சூரிய உதயக் கூட்டத்தைப் பற்றி கன்னியாகுமரிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் (நம்மில் எத்தனை பேர் முக்கடலில் போய் உதயம் பார்த்திருக்கிறோம் என்பது வேறு கதை). அங்கோரிலும் அதே கூத்து, குளக்கரை முழுக்கத் தூக்கிப் பிடித்த போன்கள். உதயம் முடிந்ததும் பாதிக் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் திரும்பிவிடும், அந்த நேரத்தில் பிரகாரத்துக்குள் போங்கள்.

இந்தோனேசியாவின் பழைய பௌத்தக் கோயிலான பொரொபுதூரில் மேலே ஏற ஒரு நாளைக்கு 1,200 பேர்தான் என்று வரம்பு வைத்து, கல் தேயாமலிருக்கத் தனிச் செருப்பும் கொடுத்தபோது நம்மாட்கள் சிலர் புலம்பினார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இலங்கை போகிறவர்கள் பொலன்னறுவையில் கல் விகாரைப் புத்தரைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் சோழர் கட்டிய சிவன் கோயில், வானவன்மாதேவி ஈஸ்வரம், கல்லில் தமிழ் எழுத்தோடு நிற்கிறது. பஸ்காரர் நிறுத்த மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தக்கலை பக்கம் நம் பத்மநாபபுரம் அரண்மனை 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது இனிமேல் சேர்க்கலாம் என்று முன்வைத்த இடங்களின் பட்டியலில், இருக்கிறது. ஸ்கூல் டூரில் பார்த்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் போகாதவர்கள்தான் இங்கே பெரும்பாலும். லேபிள் கிடைத்த பிறகு போவார்கள் போல.

டிசம்பரில் அங்கோர் போகிறவர்களுக்கு: ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாள் டிக்கெட் 62. அந்த மூன்று நாளையும் தொடர்ந்து போக வேண்டியதில்லை, 10 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அதையே எடுங்கள். அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு ஏற தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், பௌத்த விரத நாட்களில் அங்கே ஏற விடமாட்டார்கள், தேதியைப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள்.