பெஸ்ட் ஆல்பம் கேக்குறது அவ்ளோ பெரிய குத்தமாய்யா?

அந்த ஸ்க்ரீன்ஷாட் எல்லார் டைம்லைன்லயும் ஓடிட்டு இருக்கு, அதனால முழுக்கதையும் திரும்ப ஆரம்பிக்கல. நான் பாட்டுக்கு ஜப்பான்ல மூணு பொண்ணுங்க சேந்த எலக்ட்ரானிக் பாப் குரூப் பெர்ஃப்யூமோட 'கம்ப்ளீட் பெஸ்ட்' ஆல்பத்தை, அதாவது அதுவரைக்கும் வந்த பாட்டையெல்லாம் தொகுத்த ஆல்பத்தை, ரொம்ப நாள் கழிச்சு மறுபடி கேட்டேன், இன்னும் நல்லா இருக்குன்னு நாலு வரி எழுதினேன். அவ்ளோதான் நான் செஞ்சது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு ஒரு சார் வந்து "பெஸ்ட் ஆல்பம் கேக்குறவன் ரசிகன் இல்ல, டூரிஸ்ட்"னு தீர்ப்பு சொல்லிட்டு, கூடவே "அதுவும் மெஷின் குரல்"னு இலவச இணைப்பு வேற குடுத்துட்டுப் போயிட்டாரு. லைக் போட்டதுல பாதிப் பேர் என் லிஸ்ட்ல இருக்குறவங்க. இருக்கட்டும், பேரெல்லாம் பாத்துக்கிட்டேன்.

சார், நீங்க அந்த ஆல்பம் எப்ப வந்துச்சுன்னாவது பாத்தீங்களா? 2006 ஆகஸ்ட் 2. அப்ப அவங்களுக்கு ஹிட்டே கிடையாது. ஒண்ணு கூட கிடையாது. ஆ-சான், காஷியுகா, நோச்சி மூணு பேருக்கும் அப்ப 17 வயசு, ஹிரோஷிமாவுல இருந்து டோக்கியோ வந்து அங்க இருக்குற அகிஹபாரா கடைவீதி ரோட்டுல ஆடிப் பாடிட்டு இருந்த பொண்ணுங்க. பெரிய கம்பெனியில சேந்த பிறகு வந்த 'லீனியர் மோட்டார் கேர்ள்', 'கம்ப்யூட்டர் சிட்டி', 'எலக்ட்ரோ வேர்ல்ட்' மூணு சிங்கிளையும், அதுக்கு முன்னாடி சின்ன லேபிள்ல வந்த 'ஸ்வீட் டோனட்ஸ்', 'விட்டமின் டிராப்' மாதிரி பாட்டையும் ஒண்ணா கட்டி, மேல 'பெர்ஃபெக்ட் ஸ்டார் பெர்ஃபெக்ட் ஸ்டைல்'னு ஒரு புதுப் பாட்டையும் வச்சு, அதுக்கு 'பெஸ்ட்'னு பேர் போட்டு வித்தாங்க. அவங்களோட முதல் ஆல்பமே அதான்! முதல் ஆல்பம் கேக்குறவன் எப்படி சார் டூரிஸ்ட் ஆவான்?

அந்தப் பேரைப் பாத்தாலே எனக்கு என்னவோ பண்ணும். யாருக்குமே தெரியாத ஒரு குரூப்புக்கு 'கம்ப்ளீட் பெஸ்ட்' போடுறாங்கன்னா என்ன அர்த்தம், இதோட மூட்டை கட்டிடலாம்னு யாரோ ஒருத்தர் நினைச்சிருப்பாங்களோன்னுதான் ஒவ்வொரு தடவையும் தோணும். அடுத்த வருஷம் நடந்தது உங்களுக்கே தெரியும். பாடகி கிமுரா காயேலா தன்னோட ரேடியோ ஷோவுல இவங்களோட 'சாக்லேட் டிஸ்கோ' பாட்டை விடாம போட, அதைக் கேட்ட ஒரு விளம்பரக்காரர் மறுசுழற்சி பத்தின பொதுநல விளம்பரத்துக்கு இவங்களைக் கூப்பிட, அந்த விளம்பரத்துல வந்த பாட்டுதான் 'பாலிரிதம்'. 2008-ல 'கேம்' ஆல்பம் ஜப்பானோட விற்பனைப் பட்டியலான ஓரிகான்ல நம்பர் ஒன். சிந்தசைசர் வச்சுப் பண்ற டெக்னோபாப்ல, ஒய்எம்ஓங்கிற பழைய ஜப்பான் குரூப்புக்கு அப்புறம் 25 வருஷம் கழிச்சு வந்த நம்பர் ஒன் அது. ரோட்டுல பாடிட்டு இருந்த அதே மூணு பேரு சார்.

"பெஸ்ட் ஆல்பம்ங்கிறதே கம்பெனி காசு பாக்குற வேலை"னு ஒருத்தர் கமெண்ட்ல. ஆமா, இல்லன்னு சொல்லலையே. 90-கள் கடைசியில ஜப்பான்ல அது ஒரு திருவிழாவாவே நடந்துச்சு, 1997-ல க்ளே (GLAY), 1998-ல பீஸ் (B'z)னு ராக் குரூப்புங்க போட்டாங்க, பீஸோட 'ப்ளெஷர்' மட்டும் 50 லட்சம் காப்பிக்கு மேல. அந்த 50 லட்சம் பேரும் டூரிஸ்ட்டா? வேலை முடிஞ்சு ரயில்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டே அந்த சிடியைக் கேட்டவனுக்கு ரசனை இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?

நான் இவங்ககிட்ட வந்து சேந்த கதையே தனி. 2011-ல அக்கா பையனைக் கூட்டிட்டு 'கார்ஸ் 2' கார்ட்டூன் படத்துக்குப் போனேன், டோக்கியோவுல பார்ட்டி நடக்குற சீன்ல பின்னாடி ஒரு பாட்டு ஓடுச்சு, அவன் காரைப் பாத்துட்டு இருந்தான், நான் படத்தை விட்டுட்டு அந்தப் பாட்டுலயே நின்னுட்டேன். வீட்டுக்கு வந்து தேடுறேன், குரூப் பேரு பெர்ஃப்யூம்னு கண்டுபிடிக்கவே பாதி ராத்திரி, அதுக்கப்புறம் அந்தப் பேரைப் போட்டுத் தேடினா செண்ட் பாட்டில் விமர்சனமா வருது. ஜப்பானீஸ் ஒரு எழுத்து தெரியாது, சிடி கடையில கேட்டா ஏற இறங்க பாப்பான், இதெல்லாம் கேக்குற ஆளு பக்கத்துல எவனும் இல்ல. அப்படி நின்னவனுக்குக் கையில கிடைச்சது இந்த பெஸ்ட் ஆல்பம். அக்கா ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு "என்னடா மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு"ன்னா. அவ சொன்னா சிரிப்பேன். நீங்க சொன்னா சிரிக்க மாட்டேன், ஏன்னா நீங்க இசை தெரிஞ்சவர்னு சொல்லிக்கிறவரு.

மெஷின் குரல், மெஷின் குரல்... மூணு பேரும் 'ஆக்டர்ஸ் ஸ்கூல் ஹிரோஷிமா'ங்கிற பயிற்சிப் பள்ளியில பாட்டும் டான்ஸும் முறையா கத்துக்கிட்டு வந்தவங்க. உருகி உருகிப் பாடத் தெரியாம இல்ல. இவங்க இசையமைப்பாளர் நகாதா யாசுதாகா உக்கார வச்சு, உணர்ச்சியைக் கொட்டாம பாடுங்கன்னு சொல்லி, அந்தக் குரலை எடுத்து சிந்தசைசரோட சேத்துப் பிசைஞ்சாரு. அது குறையை மறைக்க இல்ல, அதுதான் அந்த இசையே. 'பாலிரிதம்' நடுவுல தாளம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அஞ்சும் ஆறும் நாலோட மோதி, பாட்டு கெட்டுப்போச்சோன்னு பயந்து கடைசியில ஒரே எடத்துல வந்து விழும் பாருங்க, அதை வெட்டச் சொன்னப்ப முடியாதுன்னு நின்னவரு அவரு. இதைக் கேட்டுட்டு, குரலை மெஷின்ல திருத்துற ஆட்டோடியூன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்டீங்க. சந்தோஷம்.

மேடையில வாயசைக்கிறாங்கன்னு அடுத்து வருவீங்க, தெரியும். ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டு, பின்னாடி ஒரு டான்சர் கூட இல்லாம, இவங்களுக்குச் சின்ன வயசுல இருந்து சொல்லிக் குடுத்த டான்ஸ் மாஸ்டர் மிகிகோவோட ஸ்டெப்பை ரெண்டு மணி நேரம் ஆடிப் பாருங்க, அப்புறம் பேசலாம். வாயசைக்கிறது எனக்குப் பெரிய விஷயமே இல்ல. ஆ-சான் நடுவுல மைக்கைப் புடிச்சு ஹிரோஷிமா பேச்சுல நிறுத்தாம பேசுறது அசைப்பா? விடுங்க.

இவ்ளோ கோவம் எதுக்குன்னு இன்பாக்ஸ்ல கேக்குறீங்க. சொல்றேன். 2025 செப்டம்பர்ல, டோக்கியோ டோம் ஷோவுக்கு முந்தின நாள், வருஷக் கடைசியோட நிறுத்திக்கிறோம், பிரியல, கோல்டு ஸ்லீப், அதாவது கொஞ்ச காலம் உறக்கம்னு அறிவிச்சாங்க. சின்னப் புள்ளைங்களா ஆரம்பிச்சு 25 வருஷம். அன்னைக்கு நான் ஒரு வரி போட்டேன், அதுக்குக் கீழ ஒருத்தர் "ரோபோவுக்கு சார்ஜ் தீந்துபோச்சா"ன்னு சிரிப்பு ஸ்மைலியோட. அதுக்கும் ஹாஹா ரியாக்‌ஷன். அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல. இப்ப நீங்க வந்து டூரிஸ்ட்ங்கிறீங்க. புதுப் பாட்டு எப்ப வரும்னே தெரியாதப்ப பழசைத்தான சார் எடுத்துக் கேக்க முடியும், வேற என்ன பண்றது நாங்க?

2019-ல வந்த அவங்களோட 'பி கியூப்ட்'ல மூணு டிஸ்க், 52 பாட்டு இருக்கு, அதையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன், அதுவும் பெஸ்ட் ஆல்பம்தான், தாராளமா இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க. அப்புறம், யார்கிட்டயாவது அந்த செட் விக்கிற ஐடியா இருந்தா சொல்லுங்க, விலை பேசி வாங்கிக்கிறேன். "முதல்ல இதைக் கேளு"ன்னு ஜாஸ் லிங்க் அனுப்புறவங்க மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்.