ஹால்ஸ்டெட் தெருவில் எரியும் சீஸ்

ஏதென்ஸுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் போன வாரம் ஒரே போடாகப் போட்டார்: "சிகாகோவில் நாம் சாப்பிடுவது கிரேக்கச் சாப்பாடே இல்லை. அங்கே எவனும் சீஸைக் கொளுத்துவதில்லை."

தகவல் சரிதான். அதை வைத்து அவர் வந்த முடிவைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

சாகனாக்கி என்றால் கிரீஸில் கைப்பிடி வைத்த சின்னத் தட்டையான சட்டியில் சீஸைப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். அவ்வளவுதான். அதன்மேல் பிராந்தி ஊற்றி, சாப்பிட வந்தவரின் மேசைக்குப் பக்கத்திலேயே தீ வைத்து, "ஓப்பா!" என்று உரக்கக் குரல் கொடுக்கும் வழக்கம் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் பிறந்தது. பார்த்தெனான் உணவகம்தான் அதைத் தொடங்கியது என்பது இந்த ஊர்க்காரர்கள் பலரும் சொல்லும் வரலாறு. லியாகூரஸ் சகோதரர்கள் 1968இல் திறந்த கடை அது. 48 வருடங்கள் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்து 2016இல் மூடப்பட்டது.

அந்த 1968க்கு முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். கிரேக்கர்களின் பழைய பேட்டை, ஹால்ஸ்டெட் தெருவில் கிரேக்க உணவகங்கள் இருக்கும் இன்றைய கிரீக்டவுனுக்குச் சற்றுத் தெற்கே இருந்தது. ஹால்ஸ்டெட், ஹாரிசன், புளூ ஐலண்ட் தெருக்கள் கூடும் அந்த முக்கோணத்தை 'டெல்டா' என்றார்கள். சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் குடியேறிகளுக்காக நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லம் அதற்குப் பக்கத்தில்தான். ஊர்விட்டு வந்த கிரேக்க இளைஞர்கள் பலருக்கு அது இரண்டாவது வீடு மாதிரி. முதலில் நெடுஞ்சாலை வந்தது. அப்புறம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் வந்தது. 1965இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. வீடு, கடை, காபி கிளப் எல்லாம் இடிபட்டன. மிச்சமிருந்தவர்கள் அதே ஹால்ஸ்டெட் தெருவில் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போய் மறுபடி கடை போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். பேட்டை கலைந்துவிட்டது. வாடிக்கையாகச் சாப்பிட வந்த சொந்த ஊர்க்காரர்கள் நாலாபுறமும் சிதறிவிட்டார்கள். கிரேக்கச் சாப்பாடு என்றால் என்னவென்றே தெரியாத அமெரிக்கர்களை உள்ளே கூப்பிட்டால்தான் அடுப்பு எரியும். அந்த நெருக்கடியில் ஒரு குடும்பம் யோசித்துக் கண்டுபிடித்த ஒன்றைப் 'போலி' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது இந்த மண்ணில் பிறந்த கிரேக்கச் சாப்பாடு.

கம்பியில் சுழலவிட்டுச் சுட்ட இறைச்சியைச் சீவி ரொட்டியில் வைத்துத் தரும் யீரோவின் கதையும் இப்படித்தான். கிரீஸில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்கிச் சுடுவார்கள். இங்கே மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்து, மசாலா சேர்த்து, பெரிய கூம்பாக அழுத்திச் சுழலவிடுகிறார்கள். 1970களில் சிகாகோவில் ஆலை வைத்து இந்தக் கூம்புகளைச் செய்து அமெரிக்கா முழுக்க அனுப்பியவர்கள் கிரேக்கக் குடியேறிகள்தான்.

பார்த்தெனான் போய்விட்டாலும் அதே தெருவில் 1971இலிருந்து நடக்கும் 'கிரீக் ஐலண்ட்ஸ்' இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன். பரிமாறுகிறவர் சூடான சட்டியை ஒரு கையில் ஏந்தி வருவார். மறுகையால் பிராந்தியைச் சுழற்றி ஊற்றித் தீ வைப்பார். முழ உயரத்துக்குச் சுவாலை எழும்பும். முகத்தில் அனல் அடிக்கும். அரை எலுமிச்சையைப் பிழிந்ததும் 'சொய்ங்' என்று அடங்கும். சீஸின் ஓரம் கருகி முறுகலாக, நடுவில் இழுபடுகிற மாதிரி இருக்கும். சூடு ஆறுவதற்குள் ரொட்டியோடு சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் ரப்பர். சைவம் சாப்பிடும் என் அத்தைக்கு முதலில் பயம், அப்புறம் ஒரே சிரிப்பு. தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ் வந்ததும் "நம்ம மொச்சைக்கு அண்ணன் மாதிரி இருக்கே" என்று இரண்டாவது தட்டு கேட்டார். கீரையும் ஃபெட்டா சீஸும் உள்ளே வைத்துச் சுட்ட ஸ்பானகோபிட்டாவும் அவருக்குப் பிடித்துப்போனது. வெளிநாட்டில் சைவக்காரர்களை எங்கே கூட்டிப்போவது என்று திண்டாடுகிறவர்கள் கவனியுங்கள்.

என் ஆதங்கம் இதுதான். "அசல் இல்லை" என்ற பேச்சால் அதிகம் அடிபடுவது இந்த மாதிரிப் பழைய குடும்பக் கடைகள். சுற்றுவட்டாரம் தலைகீழாக மாறிவிட்டது. பக்கத்து ஃபுல்டன் மார்க்கெட்டுக்கு கூகுள் வந்தது, 2018இல் மெக்டொனால்ட்ஸின் தலைமையகமே கிரீக்டவுன் பக்கமான வெஸ்ட் லூப்புக்கு வந்துவிட்டது. இறைச்சிக் கிடங்குகள் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள். நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. இப்படிப்பட்ட இடத்தில் மூன்று தலைமுறையாக ஒரே உணவுப் பட்டியலை வைத்துக்கொண்டு கடை நடத்துவது லேசுப்பட்ட காரியமா? பார்த்தெனான் மூடிய மறு வருடமே பெகாசஸ் என்ற கிரேக்க உணவகமும் மூடியது. தெரு முழுக்கக் கிரேக்க உணவகங்களாக இருந்த இடத்தில் இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2011இல் அதே தெருவில் தேசிய ஹெலெனிக் (கிரேக்க) அருங்காட்சியகம் திறந்தார்கள். நல்ல விஷயம், போய்ப் பாருங்கள். ஆனால் அருங்காட்சியகம் மட்டும் மிஞ்சி உணவகங்கள் இல்லாமல் போனால், டெல்டாவை இடித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே நினைக்கிறேன். அன்று அரசாங்கம் செய்ததை இன்று சந்தை செய்கிறது.

மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் கடைசி வாரத்தில் வாசலில் வரிசை கட்டி நிற்பதும், படம் எடுத்துப் பதிவு போடுவதும் நடக்கிறது. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் கடைக்காரருக்கு அந்தக் கூட்டம் தேவைப்பட்டது பிப்ரவரிக் குளிரில், செவ்வாய்க்கிழமை இரவில், பாதி மேசை காலியாகக் கிடந்தபோது.

சிகாகோவில் இருப்பவர்கள், வருகிறவர்கள் யாராயிருந்தாலும் புளூ லைன் ரயிலில் யூஐசி-ஹால்ஸ்டெட் நிறுத்தத்தில் இறங்கி வடக்கே நடங்கள். வாரநாளில் போனால் இன்னும் நல்லது. சாகனாக்கி சொல்லுங்கள், தீ எழும்பும்போது கூச்சப்படாமல் நீங்களும் "ஓப்பா!" சொல்லுங்கள். என் நண்பரையும் இந்த வாரம் அங்கே அழைத்திருக்கிறேன். ஏதென்ஸையும் ஹால்ஸ்டெட்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம்.