மீதி 700 பேர் எங்கே போனார்கள்?

நேற்று, பாரசீகப் படையை எதிர்த்து தெர்மோபிலேயில் நின்ற ஸ்பார்ட்டாவின் 300 வீரர்களைப் பற்றிய ஒரு பதிவின் கீழே, அவர்களோடு நின்று செத்த தெஸ்பியா ஊர்க்காரர்கள் 700 பேரையும் சொல்லுங்கள் என்று எழுதினேன். "300 பேரைப் பேசும்போது உதிரிகளை ஏன் இழுக்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டார். அதற்கு அத்தனை சிரிப்புக் குறிகள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

உதிரிகளா? கி.மு. 480, கிரேக்க நாட்டின் தெர்மோபிலே கணவாய், போரின் கடைசி நாள். எஃபியால்டஸ் என்ற கிரேக்கன் காட்டிக்கொடுத்த மலைப்பாதை வழியே பாரசீகப் படை பின்பக்கம் இறங்குகிறது. மற்ற கிரேக்க ஊர்ப் படைகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டன. டெமோபிலஸ் தலைமையில் வந்த தெஸ்பியாக்காரர்கள் 700 பேர், ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸை விட்டுப் போக மாட்டோம் என்று நின்றார்கள். நின்று செத்தார்கள். எழுநூறு பேர்! முந்நூறைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு வினாடி வினாவிலும் இதே கதைதான். கடைசிவரை நின்றவர்கள் எத்தனை பேர் என்றார்கள். ஆயிரம் பேர் இருக்கும் என்றேன். தவறு, 300 என்று மணி அடித்துவிட்டார்கள். மறுநாள் நூலகப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே ஆசிரியர் அறை வாசலில் நின்றேன். "அதான் முடிஞ்சு போச்சேப்பா" என்றார். பரிசு போனதில் வருத்தமில்லை. அந்தப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

"ஸ்பார்ட்டர்கள்தானே தலைமை, பயிற்சி பெற்ற வீரர்கள்?" சரி, யார் இல்லை என்றது? லியோனிடாஸின் வீரத்தில் ஒரு துளி குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஸ்பார்ட்டாவுக்கு ஊரில் இன்னும் ஆயிரக்கணக்கில் வீரர்கள் இருந்தார்கள். தெஸ்பியா சின்ன ஊர். கணவாய் விழுந்ததும் பாரசீக மன்னன் செர்க்சீஸின் படை அந்த ஊரையே கொளுத்தியது. அடுத்த வருடம் அதே பாரசீகர்களை எதிர்த்து நடந்த பிளாட்டியா போருக்கு அங்கிருந்து 1,800 பேர் வந்தார்கள், கனத்த கவசம் இல்லாமல். ஊர் எரிந்த பிறகும் வந்தார்கள். இவர்கள் உதிரிகளா?

"அங்கே நின்ற இன்னொரு கிரேக்க நகரமான தீபஸின் 400 பேரை ஏன் விட்டாய்?" அவர்கள் கடைசியில் சரணடைந்தவர்கள். அவ்வளவுதான்.

"அப்படியென்றால் ஸ்பார்ட்டர்களோடு வந்த ஹெலாட் அடிமைகளும்தானே செத்தார்கள்?" ஆமாம், செத்தார்கள். இருக்கிறாயா போகிறாயா என்று அவர்களைக் கேட்கக்கூட ஆளில்லை. எனக்கு அது இன்னும் பெரிய கொடுமையாகப் படுகிறது. ஆனால் அதைச் சொல்லி 700 பேரையும் சேர்த்துப் புதைப்பது என்ன நியாயம்? இருவரையும் சொல்லுங்கள். யார் தடுத்தது?

தெர்மோபிலேயில் லியோனிடாஸுக்கு 1955லேயே சிலை வந்துவிட்டது. தெஸ்பியர்களுக்கு நினைவுச்சின்னம் வைக்க 1997 ஆனது. அங்கேயே அத்தனை வருடம் காத்திருந்தார்கள்.

தெஸ்பியர்களில் எல்லாரையும்விடச் சிறப்பாகப் போரிட்டவன் பெயரையும் ஹெரோடோட்டஸ் விட்டுவிடவில்லை. ஹார்மாடிடீஸின் மகன் திதிராம்பஸ். உதிரி என்று எழுதியவர் அந்தப் பெயரை ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.