தாய் உயிரோடு இருந்தால் பிள்ளைக்குச் சிறுவர் இல்லம் தேவையில்லையா?

நம் ஊர்ச் சிறுவர் இல்லத்தைப் பற்றி, பிள்ளைகளின் படத்தோடு முகநூலில் வந்த அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுதாகத் திரும்பச் சொல்லவில்லை. "இந்த இல்லத்துப் பிள்ளைகள் பலருக்குத் தாய் இருக்கிறார், ஏமாற்றிக் காசு சேர்க்கிறார்கள்" என்று எழுதியவருக்கும், அதன் கீழே போய் "இனி ஒரு சதமும் கொடுக்க மாட்டோம்" என்றவர்களுக்கும்தான் இது.

ஓம், தாய் இருக்கிறார். வீட்டு வேலைக்குப் போய்க் குவைத்தில் இருக்கிறார், சவூதியில் இருக்கிறார். சிலருக்கு ஊரிலேயே, வேறு கல்யாணம் முடித்து. அதனால் அந்தப் பிள்ளை இரவில் பயமில்லாமல் தூங்குகிறாள் என்று யார் சொன்னது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் பேசுவோம். கிடுகு வீட்டில் இருக்கும் தாய் மகளுக்கு ஒரு கல்வீடு கட்ட வேண்டும் என்றுதான் விமானம் ஏறுகிறாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று 2013இல் விதி வந்தது, நாட்டுக்கு டொலர் இல்லாத 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். அப்போ மூன்று வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது? அம்மம்மாவிடம். அம்மம்மாவுக்கு முடியாமல் போனால்? இதை யாரும் கேட்கவில்லை, இல்லத்திடம் மட்டும் கணக்குக் கேட்கிறீர்கள்.

எங்கள் அடுத்த வளவில் அப்படி ஓர் அம்மம்மா இருந்தார். வீட்டுக்கு வந்து போகும் உறவுக்காரன் ஒருவனின் பார்வை சரியில்லை என்று கண்டதும், இரவில் உலக்கையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து அதோடேயே படுத்துக்கொள்வார். எத்தனை நாளைக்கு முடியும்? அவரேதான் கிராம சேவகரிடமும் பிறகு பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் நடந்து, நீதிமன்றக் கட்டளையோடு பேத்தியை இல்லத்தில் சேர்த்தார். "பேத்தியைத் தள்ளிவிட்டாள்" என்றது ஊர். என் அம்மாவிடம் வந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அதே கதையைத்தான் நீங்கள் இப்போது முகநூலில் எழுதியிருக்கிறீர்கள்.

இல்லங்களிலும் தப்பு நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது, நான் மறைக்கவில்லை. பதிவு இருக்கிறதா என்று நன்னடத்தைத் திணைக்களத்தில் கேளுங்கள், சந்தேகம் என்றால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியப் படம் போடுவது முறைப்பாடு இல்லை. பிள்ளை குடும்பத்தில்தான் வளர வேண்டும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சரி. அந்த உறவுக்காரனும் குடும்பம் என்று சொல்லித்தானே வந்து போனான்?

"அரசாங்கம் பார்க்கட்டும்" என்பவர்களோடு பேச எனக்குப் பொறுமை இல்லை. அரசாங்கம் தரும் சிறு கொடுப்பனவில் ஒரு பிள்ளைக்கு மாதம் முழுக்கச் சோறு போட்டுக் காட்டுங்கள், அப்புறம் நாப்கின், பஸ் காசு, டியூசன் காசு. பிறந்தநாளுக்குப் பிரியாணி கொண்டு வர ஆட்கள் இருக்கிறார்கள். கணித பாட டியூசனுக்கு மாதாமாதம் தர ஆளில்லை. பதினெட்டு வயதில் வெளியே வருகிறவள் எங்கே போவாள் என்று கேட்கவும் ஆளில்லை.

அந்தப் பிள்ளைகள் உங்கள் மகள்மாரோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியது அவர்கள் காதுக்குப் போகாது என்றா நினைத்தீர்கள்? சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை, நாளைக்குப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று இருக்கிறாள்.

பதிவை அழியுங்கள். காசை நிறுத்தியவர்கள் இந்த மாதக் காசைப் போடுங்கள். கேள்வி இருந்தால் இல்லத்துக்கு நேரே போய்ப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், போனைப் பைக்குள் வைத்துவிட்டு.