பெரிய கோயிலின் நிழல் தரையில் விழும்

"தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறை மேலுள்ள கோபுரத்தின்) நிழல் தரையில் விழாது, ராஜராஜன் காலத்து அதிசயம்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. அது உண்மையல்ல.

காலையில் போனால் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும். மாலையில் கிழக்கே. எத்தனையோ பேர் வெயிலுக்கு ஒதுங்கி நிற்பதே அந்த நிழலில்தான்! கோடை நண்பகலில் மட்டும் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதாலும், விமானம் அடி அகன்று மேலே குறுகுவதாலும், நிழல் பெரும்பாலும் கட்டடத்தின் மீதே அடங்கிவிடுகிறது. கதை இங்கிருந்து கிளம்பியிருக்கலாம். மார்கழி நண்பகலில் போனால் வடபுறத் தரையில் நிழலைப் பார்க்கலாம்.

"நாம் கொடுத்தனவும் அக்கன் (அக்கா குந்தவை) கொடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னவர் ராஜராஜன். 1010இல் விமானத்தில் வைக்கக் கலசம் கொடுத்ததைக்கூட நாள் கணக்கோடு பொறித்திருக்கிறார்கள். நிழல் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் யாரும் படித்துச் சரிபார்க்கலாம்.

வளர்ந்துகொண்டே போனதாம், ஆணி அடித்து நிறுத்தினார்களாம் என்று சொல்லப்படும் பெரிய நந்தியும் சோழர் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. பாட்டி சொன்ன கதையாக அதை ரசிக்கலாம், எனக்கும் பிடிக்கும். வரலாறு என்று பெயரிட்டு வரும் செய்தியைத் தயவுசெய்து மேலும் அனுப்ப வேண்டாம்.